லொங்கி

கொடுங்கரைப் பள்ளத்துக்கு அந்தக் கரையில்
எங்கள் பேச்சை மலையாள எழுத்தில் போடுகிறார்கள்,
இந்தக் கரையில் தமிழ் எழுத்தில்.
சோதனைச்சாவடியில் என் ஜீப்புக்குத்தான் கேள்வி.
பேச்சு பாலத்துக்கு அடியில்
கால் நனைத்துக்கொண்டு போய்வரும்.

ஜெசிந்தா வந்து பதினாறு வருடம் ஆகிறது.
கையில் இருநூற்றுச் சொச்சம் சொற்களின் பட்டியல்.
உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும்
இதையேதான் கேட்பார்களாம்.
கை, கால், நகம், பேன்.
பேனையும் விடாமல் கேட்டதால்
எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

மணிக்கு அறுபது ரூபாய். கையெழுத்துக்கு ஒரு தாள்.
அதில் நான் 'பேசுநர் ஏழு, ஆண், முப்பத்தொன்று'.
'பையன் நாயை அடித்தான்', சொல்லுங்கள் என்றாள்.
சொன்னேன்.
'நாய் பையனால் அடிக்கப்பட்டது', சொல்லுங்கள் என்றாள்.
எங்கள் ஊரில் அப்படிச் சொல்வதில்லை என்றேன்.
சொல்லமாட்டீர்களா, சொல்ல முடியாதா?
அந்தக் கேள்வி இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது.
நாயை எதற்கு அடித்தான் என்று
அவள் கேட்கவே இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் 'கடல்' வந்தது.
நான் கடலைப் பார்த்ததில்லை.
இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
அன்றைக்கு ஏற்கெனவே நான்கு இல்லை.
ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு சின்னக் கோடு போட்டாள்.
கோடுகளைப் பார்க்கப் பார்க்க
ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரி இருந்தது.
லொங்கி, என்றேன்.

என் ஆட்டின் பெயர் அது.
கறுப்பு, ஒரு காது மடங்கியது, காலையிலிருந்து காணவில்லை.

மூன்று தடவை சொல்லுங்கள் என்றாள்.
லொங்கி. லொங்கி. லொங்கி.
உண்ணிப் புதரை விலக்கிக்கொண்டு வந்து நின்றது.
பதிவில் மணிச்சத்தம் இருக்கிறது.
அதையும் குறித்து வைத்திருக்கிறாள்: பின்னணி இரைச்சல்.

அவளுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது.
ஆட்டை மாசி மாதம் விற்றேன்.

குறை சொல்ல வரவில்லை.
கோட்டத்தறை ஆஸ்பத்திரியில்
மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் அட்டை இருக்கிறது.
வலிக்கு எங்கள் பேச்சில் உள்ள பதினொரு சொல்,
அவள் எழுதிக் கொடுத்தது.
நர்ஸ் ஒவ்வொன்றாக வாசித்தாள்.
ஆறாவது சொல்லில் என் தங்கை தலையாட்டினாள்.
அதுவரை எங்களுக்கு வலிக்கிறதா இல்லையா
என்பதோடு கேள்வி முடிந்துவிடும்.

பிறகு பாடப்புத்தகம் வந்தது, இரண்டு எழுத்திலும்.
முப்பத்திரண்டாம் பக்கம்: நிறைய நீலம், ஒரு படகு,
கீழே என் ஆடு.
உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அகளி வரைக்கும் போனேன்.
டீசல் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஹாஸ்டல் பிள்ளைகளை பேப்பூருக்கு
நான்தான் ஏற்றிப்போனேன்.
அனிஷ்மாவுக்கு ஏழு வயது.
வீட்டுப் பேச்சில் கூப்பிட்டால்
மலையாளத்தில் பதில் சொல்கிறவள், அதுவும் தரையைப் பார்த்து.
மணல் தொடங்குகிற இடத்தில்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கத்தினாள்:
லொங்கீ!
மற்றதுகளும் கத்தின.
கூப்பிட்டதும் வந்தது.
முழங்காலை முட்டிவிட்டுப் பின்னால் போனது.
மறுபடி கூப்பிட்டார்கள்.
நான் வண்டியைவிட்டு இறங்கவில்லை,
ஹாரனில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் ஜெசிந்தாவின் போன்.
அகராதிக்கு இரண்டாம் பதிப்பு,
பழைய பதிவுகளைத் திரும்பக் கேட்கிறாளாம்.
"மசணேட்டா, அது ஆடுதானே?"
இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம்
மின்விசிறிச் சத்தம் மட்டும்.
எடுத்துவிடட்டுமா என்றாள்.

வேண்டாம், அது இப்போது பிள்ளைகளுடையது.
'பின்னணி இரைச்சல்' என்று எழுதியிருக்கிறீர்களே,
அதை அடித்துவிட்டு ஆடு என்று போடுங்கள்.
எங்கள் பேச்சில் ஆட்டுக்கு என்ன சொல் என்று
நீங்கள் கேட்டதே இல்லை.
பட்டியலில் ஆடு இல்லை.